கெயிட்டி என்றொரு பெயர்

சென்னையில் மௌண்ட் ரோடை ஒட்டிய பிளாக்கர்ஸ் ரோடில் கெயிட்டி என்று ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. இன்று இல்லை. 'குதூகலம்' என்று பொருள்படும் அந்தப் பெயர் அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று அறிய எனக்கு நெடுநாள் ஆவல்.

பெயரின் பிறந்தகம் லண்டன். 1868-ல் ஸ்டிராண்ட் வீதியில் ஜான் ஹாலிங்ஸ்ஹெட் திறந்த நாடகசாலை அது. கில்பர்ட்டும் ஸல்லிவனும் முதன்முதலில் சேர்ந்து உருவாக்கிய 'தெஸ்பிஸ்' 1871-ல் அங்கேதான் மேடையேறியது. பிற்பாடு 'கெயிட்டிப் பெண்கள்' பிரசித்தமானார்கள். பிரபு வீட்டுப் பிள்ளைகள் பூச்செண்டும் கையுமாக மேடை வாசலில் தவம் கிடந்தார்கள். சிலர் கல்யாணமே செய்துகொண்டார்கள்! 1903-ல் வீதியை அகலப்படுத்த அக்கட்டடத்தை அப்புறப்படுத்தி, பக்கத்தில் வேறொன்று கட்டினார்கள். அதுவும் 1939-ல் மூடப்பட்டது.

பெயர் மட்டும் கடல் தாண்டிப் பிழைத்துக்கொண்டது. 1871-ல் டப்ளினில் ஒரு கெயிட்டி. 1887-ல் சிம்லாவில் ஒன்று. சிம்லாக் கட்டடத்தை அமைத்த ஹென்றி இர்வின் நமக்கு அந்நியரல்ல. சென்னை கன்னிமரா நூலகமும் மைசூர் அரண்மனையும் அவர் கைவேலைதான். வெயிலுக்குப் பயந்து மலையேறிய துரைமார்கள் அங்கே வேஷம் கட்டி ஆடினார்கள். சாரணர் இயக்கம் கண்ட பேடன் பவல்கூட ஆடியிருக்கிறார்.

சென்னைக்கு அந்தப் பெயரைக் கொணர்ந்தவர் துரை அல்ல. மசூலிப்பட்டணத்திலிருந்து வந்த புகைப்படக்காரர் ரகுபதி வெங்கையா. படமும் கிராமபோன் ஒலியும் சேர்ந்து வரும் குரோனோமெகாபோன் இயந்திரத்தை வாங்கி, பர்மா, இலங்கை வரை கொண்டுபோய்க் காட்டியவர். ஊர் ஊராகச் சுற்றியது போதும் என்று 1914-ல் கெயிட்டியைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் சினிமாக் கொட்டகை அது. பிறகு தங்கசாலையில் கிரௌன், புரசைவாக்கத்தில் குளோப்.

மூன்றும் இங்கிலீஷ்ப் பெயர்கள். அடிமைப் புத்தி என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளைக்காரர்கள் கொட்டகை நடத்திய வட்டாரத்தில், அவர்கள் பலகையில் எழுதும் பெயரையே தம் பலகையிலும் எழுதி, "வா, பார்க்கலாம்!" என்று உட்கார ஒரு நெஞ்சுரம் வேண்டாமா? டிக்கெட் வாங்குகிறவனுக்கும் அந்தப் பெயரில் ஒரு மினுக்கு இருந்தது; வியாபாரி அதை அறியாமலா இருப்பார்?

கொட்டகையோடு அவர் நிற்கவில்லை. மகன் பிரகாஷுடன் சேர்ந்து 1921-ல் 'பீஷ்ம பிரதிக்ஞை' என்ற மௌனப்படம் எடுத்தார். பெயர்ப்பலகைக்கு லண்டன், கதைக்கு மகாபாரதம்.