சுவருக்குள் போன ஒயர்

தலைப்பைப் பார்த்ததும் எலக்ட்ரீஷியன் பாடம் என்று ஓடிவிடாதீர்கள். வரலாறுதான் :)

பொன்மலையில் தாத்தா கட்டிய வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். ஹாலில் விளக்கும் ஏசியும் கொஞ்ச நாளாகவே விட்டுவிட்டு வேலை செய்தன. எலக்ட்ரீஷியன் அண்ணன் சுவரைத் தட்டிப் பார்த்து ஓரிடத்தில் கொத்தினார். பூச்சுக்குள்ளே ஒரு ஜங்ஷன் பாக்ஸ்! எப்போதோ பெயின்ட் அடிக்கும்போது, பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று மூடியின் மேலேயே சிமென்ட் பூசிவிட்டிருக்கிறார்கள். உள்ளே முறுக்கிவிட்ட இணைப்பு ஒன்று கருகிப்போயிருந்தது.

தாத்தா இளைஞராக இருந்தபோது இது நடந்திருக்காது. அப்போது ஒயர் சுவருக்கு வெளியே இருந்தது.

தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றியது 1928இல். பைக்காரா மின்சாரம் 1932இல் வந்தது, மேட்டூர் 1937இல். மின்வாரியம் பிறந்ததோ 1957 ஜூலை 1 அன்றுதான். ஆக, நம்மூர்ப் பழைய வீடுகள் பலவற்றில் முதலில் சுவர் வந்தது, பிறகுதான் கரண்ட் வந்தது. கட்டி முடித்த சுவரை யார் உடைப்பார்கள்? மேலேயே ஒயரை ஓட்டினார்கள்.

முதலில் மரச்சட்டத்தில் இரண்டு காடி வெட்டி, ஃபேஸ் ஒன்றில், நியூட்ரல் ஒன்றில் வைத்து, மேலே மரப்பட்டையால் மூடினார்கள். உள்ளே இருந்தது ரப்பர் உறையும் அதன்மேல் நூல் பின்னலும் கொண்ட ஒயர். சூட்டில் ரப்பர் இறுகி உதிரும், மரத்தைக் கரையான் தின்னும். அடுத்து வந்தது ரீப்பர் ஒயரிங். தேக்குப் பட்டை, அதன் மேல் ஒயர், நெடுக தகரக் கிளிப். பாட்டி வீடுகளில் பார்த்திருப்பீர்கள். ஒயர்கள் சேரும் இடத்தில் சின்ன மரப்பெட்டி, திருகாணி போட்ட மூடி. கோளாறு வந்தால் ஸ்டூலைப் போட்டு ஏறினால் போதும்.

அப்புறம் பிவிசி பைப் வந்து எல்லாம் சுவருக்குள் போயிற்று. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒயர்கள் சேருமிடம் இல்லாமல் போய்விடுமா? அதற்கு மிச்சமிருந்த ஒரே வாசல் அந்த பாக்ஸின் மூடி. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 732, அமெரிக்காவில் 1897 முதல் வெளிவரும் மின் விதித்தொகுப்பு, இரண்டுமே இந்தப் பெட்டிகள் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்கின்றன.

ஏன் இவ்வளவு கறார்? 40 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 0.17 ஆம்பியர். 1500 வாட் ஏசி இழுப்பது 6.5. தளர்ந்த இணைப்பில் உண்டாகும் சூடு கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது பல்பு காலத்தில் போட்ட அதே முறுக்கில் இன்று ஏறத்தாழ 1400 மடங்கு சூடு! இதில் இன்னொரு வில்லங்கம்: இணைப்பு தளர்ந்தால் கரண்ட் கூடுவதில்லை, அதனால் ஃபியூஸும் போகாது, எம்சிபியும் விழாது. நமக்குத் தெரிவது விளக்கு விட்டுவிட்டு எரிவது மட்டும்தான்.

கொத்தனார் இந்த முறையும் "பூசிடலாம் தம்பி, நீட்டா இருக்கும்" என்றார். அப்பாவும் தலையாட்டிவிட்டார். கருகிய ஒயரைக் கையில் கொடுத்ததும் மனம் மாறினார். முறுக்கு இணைப்பை வெட்டிவிட்டு கனெக்டர் போட்டாயிற்று. சுவர் மட்டத்துக்கு வெள்ளை மூடி, இரண்டு திருகாணி. சுவர் திறந்திருந்தபோதே ஸ்கேல் வைத்துப் பைப் போகும் வழியை போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மூடி கண்ணை உறுத்துகிறதென்று அம்மா அதன் மேல் தினசரி காலண்டரை மாட்டியிருக்கிறார். காலண்டரைக் கழற்ற முடியும், பரவாயில்லை.