நூற்றெண்பதும் ஐந்தும்: மில்வாக்கி தேர்தல் சான்றை மறுபடி வாசித்தல்

பெருந்தொற்றுக் காலத்தில் வாக்குச்சாவடிக்கு நேரில் சென்று வாக்களிப்பது நோயைப் பரப்பும் என வாதிடுவோரும் அதை மறுப்போரும் பெரும்பாலும் ஒரே சான்றையே எடுத்தாள்கின்றனர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2020 ஏப்ரல் 7 அன்று நடந்த தேர்தலை அடுத்து, தொற்று உறுதியானவர்களுள் 71 பேர் அன்று நேரில் வாக்களித்தவர்கள் அல்லது சாவடிப் பணியாற்றியவர்கள் என அம்மாநிலச் சுகாதாரத் துறை பதிவு செய்ததே அச்சான்று. நேரில் வாக்களித்தோர் சுமார் நான்கு லட்சம் பேர் என்பதால் இவ்வெண் மிகச் சிறியது என்று ஒரு சாராரும், தேர்தலை முழுமையாக அஞ்சல் வழிக்கு மாற்ற இதுவே போதிய காரணம் என்று மறுசாராரும் கொள்கின்றனர்.

அவ்வெண் இவ்விரு முடிபுகளையும் தாங்காது. அது தொடர்புத் தடமறிதலில், அதாவது நோயுற்றவர் யாரை எங்கே சந்தித்தார் என வினவித் தொகுக்கும் முறையில், கிடைத்த விடைகளின் கூட்டுத்தொகை. அந்நாளில் பரிசோதனை வசதி குறைவாக இருந்ததால் அறிகுறியற்றோர் பலர் கணக்கில் வந்திருக்க வாய்ப்பில்லை. அந்த 71 பேரிலும் சிலருக்குத் தொற்று வேறு வழிகளில் வந்திருக்கக்கூடும். வாக்களிக்கச் செல்லாதோருடன் ஒப்பிட்டுப் பார்க்கவும் அதில் இடமில்லை. எனவே தொற்று பரவியது என்றோ பரவவில்லை என்றோ அதைக்கொண்டு நிறுவுவது அரிது. இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. மாநிலம் முழுவதற்குமான ஒற்றை எண்ணாக அது அமைந்திருப்பதால், ஊருக்கு ஊர் வாக்களிப்புச் சூழல் எவ்வளவு வேறுபட்டது என்பதை அது மறைத்துவிடுகிறது.

அம்மாநிலத்தின் மில்வாக்கி நகரில் வழக்கமான 180 சாவடிகளுக்குப் பதிலாக 5 மட்டுமே அன்று திறக்கப்பட்டன. சராசரியாக முப்பத்தாறு சாவடிகளுக்கு உரியோர் ஒரே வாசலுக்கு அனுப்பப்பட்டனர். அஞ்சலில் வாக்களித்தோரைக் கழித்த பின்னரும் சில இடங்களில் வரிசை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. அதே மாநிலத்தின் மாடிசன் நகரமோ தன் 92 சாவடிகளில் 66ஐத் திறந்தது. நேரில் வாக்களித்தல் என்ற ஒரே பெயரில் இவ்விரண்டையும் அடக்குவது ஆய்வுப் பிழையாகும். இடரை உண்டாக்கியது நேரில் வாக்களிக்கும் முறையன்று, சாவடிகளை மூடிக் கூட்டத்தைக் குவித்த முடிவே எனக் கருதுவதற்கு வலுவான இடமுண்டு. வரிசையைக் கண்டு திரும்பியோரும் அச்சத்தால் வராதோரும் எந்த நோய்க் கணக்கிலும் இடம்பெறார்; சாவடி மூடல் வாக்குப்பதிவைக் குறைத்தது என்றும், கறுப்பின வாக்காளரிடையே அக்குறைவு கூடுதல் என்றும் பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர்.

முதியோரே பெரிதும் சாவடிப் பணியாற்றி வந்ததால் ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் சாவடிகள் மூடப்பட்டன என்ற வாதம் நிலைக்காது. மாடிசனும் அதே நெருக்கடியைச் சந்தித்தும் பெரும்பாலான சாவடிகளைத் திறந்தது; தேசியக் காவல் படையினரும் அப்பணியில் அமர்த்தப்பட்டனர். அஞ்சல் வாக்கு ஒன்றே போதும் என்பதும் பொருந்தாது. சாட்சிக் கையொப்பம் கட்டாயமாக இருந்த அம்மாநிலத்தில், விண்ணப்பித்தும் வாக்குச்சீட்டு வந்துசேராதோர் பலர். தனித்து வாழ்வோருக்கும் உதவி வேண்டும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சாவடியே இறுதிப் புகலிடம்.

இந்தியத் தேர்தல் ஆணையம் அதே ஆண்டு பிகாரில் மில்வாக்கிக்கு எதிர்த்திசையில் சென்றது: ஒரு சாவடிக்கு உரிய வாக்காளர் வரம்பை 1,500இலிருந்து 1,000ஆகக் குறைத்ததால் அங்குச் சாவடிகள் ஒரு லட்சத்தைக் கடந்தன. மில்வாக்கி நகரமும் 2020 நவம்பர் தேர்தலில், தொற்று ஏப்ரலைவிடக் கடுமையாக இருந்தபோதே, தன் சாவடிகளுள் பெரும்பாலானவற்றை மீண்டும் திறந்தது.