ஒரு பிடி புளி

எழும்பூர் மியூசியத்துக்குச் சென்னை ஜனங்கள் ஒரு காலத்தில் வைத்திருந்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர்க் காலேஜ்'. கிராமத்திலிருந்து பட்டணம் பார்க்க வருகிறவர்கள் இரண்டையும் பார்த்த பிறகுதான் ஊருக்கு ரயில் ஏறுவார்கள். என் பெரியம்மாவும் அப்படித்தான் ஒரு முறை வந்தாள். நான் துணைக்குப் போனேன்.

செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடத்துக்குள் நுழையுமுன் பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டாள். திருவாலங்காட்டு நடராஜரின் முன் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு கண்ணாடிக் கூடாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஒரு சிறிய அம்பாளின் எதிரில் நின்றுவிட்டாள். அம்பாளுக்கு உடம்பெல்லாம் கரும்பச்சை.

"ஏண்டா, இத்தனை பெரிய கட்டடம் கட்டி வைத்திருக்கிறார்களே, ஒரு பிடி புளிக்கா பஞ்சம்?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "அப்படித்தான் வைக்க வேண்டுமாம்" என்று ஏதோ சொல்லி வெளியே அழைத்து வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைப் பின்தொடர்ந்து படித்தபோது, எந்த மியூசியத்திலும் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாத ஒரு பகுதி உண்டென்று தெரிந்தது. கெட்டுப்போகும் பொருள்களைக் காப்பாற்றுகிற ஆராய்ச்சிசாலை அது. அதன் தலைவருக்குத் தினமும் பெரியம்மாவின் கேள்விதான் வேலை. தேய்ப்பதா, விடுவதா?

முதலில் பச்சையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் நல்லது உண்டு, கெட்டது உண்டு. பல நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்த விக்கிரகத்தின் மேல் வழவழவென்று இறுகிப் படியும் கரும்பச்சை, உலோகத்துக்கு ஒரு கவசம். அதைக் கலைக்காத வரையில் உள்ளே இருப்பது பத்திரம். பெரியம்மா பார்த்த அம்பாளுக்கு இருந்தது அந்தப் பச்சை.

மற்றொன்று வெளிர்பச்சை. புள்ளி புள்ளியாகக் கிளம்பும். தொட்டால் மாவாக உதிரும். இதற்குக் காரணம் உப்பு. மண்ணிலுள்ள உப்பு செம்போடு சேர்ந்து குளோரைடாகி உலோகத்துக்குள் பதுங்கியிருக்கிறது. வெளியே எடுத்து வைத்த பிறகு ஈரக்காற்று பட்டால் அது விழித்துக்கொள்கிறது. பச்சை மாவு உண்டாகிறது. கூடவே அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் அடுத்த செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகிறது. எத்தனை வட்டி கட்டினாலும் அசல் குறையாத கடனைப் போன்றது இது. காற்றில் ஈரம் நூற்றுக்கு 45 பங்குக்குக் கீழே இருந்தால் இந்த நோய் ஏறக்குறைய உறங்கிவிடும் என்கிறார்கள். கடலோரத்துச் சென்னையில் வருஷத்தின் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேல்தான்.

ஆத்மாவைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் சொன்ன உவமை 'செம்பில் களிம்பு'. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, செம்போடு கூடவே இருப்பது என்பது அவர்கள் கருத்து. ரசாயன சாஸ்திரி இதை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் உள்ளே புகுந்த உப்பை வெளியேற்ற முயன்று பார்த்தவருக்கு அந்த உவமையின் வேதனை புரியும்.

இந்த வேதனையை முதலில் ஒரு முழு உத்தியோகமாக ஏற்றவர் பெர்லின் நகரத்தில் பிரீட்ரிக் ராத்கென் என்ற ரசாயன நிபுணர். 1888-ல் அங்குள்ள அரசாங்க மியூசியங்கள் அவருக்கு ஓர் ஆராய்ச்சிசாலை அமைத்துக் கொடுத்தன. எகிப்திலிருந்து வந்த கற்கள் உப்புப் பூத்துப் பொடியாவதும், வெண்கலங்கள் பச்சைப் பிடித்து உதிர்வதும்தான் அவர் முன்னிருந்த நோயாளிகள். 1898-ல் தம் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அதை 1905-ல் இங்கிலீஷில் கொண்டுவந்தவர்கள் ஆடன் என்ற பெயருள்ள இரண்டு சகோதரர்கள். அவர்களில் ஜார்ஜ் ஆடனுக்கு இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தைதான் கவி டபிள்யூ. எச். ஆடன். கதை எழுதுகிற எனக்கு இந்தத் தகவலில் ஒரு தனிச் சந்தோஷம்.

லண்டனுக்குப் புத்தி வர ஒரு யுத்தம் வேண்டியிருந்தது. முதல் உலக யுத்தத்தில் குண்டுக்குப் பயந்து பிரிட்டிஷ் மியூசியத்தின் பொருள்களில் பலவற்றைப் பூமிக்கடியிலுள்ள சுரங்க ரயில் பாதையில் வைத்தார்கள். 1919-ல் திரும்ப எடுத்தபோது இரும்பு துருவேறி, வெண்கலம் பச்சை பூத்துக் கிடந்தன. குண்டுக்குத் தப்பியவற்றை ஈரம் பிடித்துக்கொண்டது! டாக்டர் அலெக்ஸாண்டர் ஸ்காட் என்ற ரசாயன நிபுணரை அழைத்துக் காட்டினார்கள். அவர் யோசனையின் பேரில் தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய ஆராய்ச்சிசாலை, பிறகு மியூசியத்தின் நிரந்தர அங்கமாகவே ஆகிவிட்டது.

அதற்குப் பத்து வருஷத்துக்குள் சென்னை விழித்துக்கொண்டது என்பதில் நாம் கொஞ்சம் பெருமைப்படலாம். 1851-ல் தோன்றிய நம் மியூசியத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர் கிரேவ்லி துரை. அவர் பிராணி நூல் வல்லுநர். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டத்தின்படி, தமிழ்நாட்டு வயல்களிலும் கோயில் நிலங்களிலும் கிடைத்த விக்கிரகங்கள் பல எழும்பூருக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தன. படையெடுப்புக் காலத்தில் யாரோ பயந்து, அழுது, புதைத்துவிட்டுப் போன தெய்வங்கள். வந்தவற்றில் சில நம் கண்ணெதிரே உதிரத் தொடங்கின. 1930-ல் அவற்றுக்காக ஒரு ரசாயனப் பிரிவு ஏற்பட்டது. எஸ். பரமசிவன் அதன் பொறுப்பை ஏற்றார்.

அவர் கையாண்ட முக்கியமான சிகிச்சை மின்சாரம். இந்த முறையில், தொட்டி நிறையத் தண்ணீரில் நூற்றுக்கு இரண்டு பங்கு போலக் காஸ்டிக் சோடாவைக் கரைத்து, விக்கிரகத்தைக் கம்பியில் கட்டி உள்ளே தொங்கவிடுவார்கள். சுற்றிலும் இரும்புத் தகடுகள். மின்சாரம் பாயும்போது உலோகத்துக்குள் இருக்கும் குளோரைடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறித் தகடுகளை நோக்கிப் போகும். களிம்பு இளகும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்ப ஊறவைக்க வேண்டும். கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால் பால் போலக் கலங்குகிறதா என்று பார்ப்பார்கள். கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது, மறுபடியும் தண்ணீர். ஒரு விக்கிரகத்துக்கே வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மின்சாரத் தொட்டி கெட்ட பச்சையோடு நல்ல பச்சையையும் கொண்டுபோய்விடும். பல நூறு வருஷம் மண் போர்த்திய போர்வை, சில வாரத்தில் போய்விடுகிறது. செய்யாவிட்டால் மூக்கும் விரலும் உதிர்ந்துவிடும். செய்தால் பழைய மேனி போய்விடும். தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் தலைவர் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காத்திருந்து பார்க்கலாம் என்று சொல்வதும் ஒரு தீர்ப்புத்தான், உப்பு காத்திருக்காது.

மேல்பச்சையைக் கலைக்காமல் நோயை அடக்கும் பென்சோடிரையஸோல் என்ற மருந்தை மாட்ஸன் என்பவர் எழுதி வெளியிட்டது 1967-ல். முப்பதுகளில் தொட்டி வைத்தவர்களை இன்று குறை சொல்வது சுலபம். ஆனால் அவர்கள் கைவைத்திராவிட்டால், 1967-ல் மருந்து கொடுக்க நோயாளியே மிஞ்சியிருக்க மாட்டார்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் அதே எழும்பூரில் சாட்சி இருக்கிறது. 1880-களில் அமராவதிச் சிற்பங்களைப் பத்திரமாக இருக்கட்டும் என்று சுவரில் சிமெண்டு வைத்துப் பதித்தார்கள். அந்தச் சுவர் வழியாகவே ஈரமும் உப்பும் கல்லுக்குள் ஏறின.

கையைக் கட்டிக்கொண்டிருப்பதற்கும் ஓர் உதாரணம் தஞ்சாவூரில் இருக்கிறது. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில் நாயக்கர் காலத்துச் சித்திரங்களுக்கு அடியில் சோழர் சித்திரங்கள் மறைந்திருப்பதைக் கண்டார். பரமசிவன் அந்தச் சுவரின் சாந்தைச் சிறு துணுக்குகளாக எடுத்துப் பரிசோதித்தார். ஈரம் காயாத சுண்ணாம்பின் மேலேயே வர்ணம் பூசியிருக்கிறார்கள் என்று கண்டார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக மாறும்போது, வர்ணத்தையும் தன்னோடு சேர்த்துக் கல்லாக்கிவிடுகிறது. ஆயிரம் வருஷம் நின்ற ரகசியம் அதுதான். 1937-ல் அந்த ஆராய்ச்சி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பத்திரிகையில் வெளிவந்தது.

அடியில் சோழர், மேலே நாயக்கர். உளியை எடுத்துச் சுரண்டினால் ராஜராஜன் காலம் முழுவதும் வெளியே வந்துவிடும் என்ற ஆசை யாருக்குத்தான் வராது? ஆனால் நாயக்கரும் நம் பாட்டனார்தானே! முழுவதையும் சுரண்டித் தள்ளாமல் விட்டுவைத்தார்கள். அதனால், பல வருஷங்கள் கழித்துத் தொல்பொருள் இலாகாவின் நிபுணர்கள் மேல்படலத்தைச் சிதைக்காமல் உரித்தெடுத்து வேறு பலகையில் ஏற்றும் முறையைக் கண்டபோது, ஏற்றுவதற்குச் சித்திரம் மிச்சமிருந்தது.

இத்தனையும் படித்த பிறகு, இந்தப் பதவியில் இருப்பவருக்கு மிகவும் அவசியமான கருவி எது என்று யோசித்தேன். மின்சாரத் தொட்டியும் பூதக்கண்ணாடியும் அப்புறந்தான். முதலில் வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம் என்று தோன்றுகிறது. எந்த விக்கிரகம், என்ன நிலையில் வந்தது, எந்தக் கரைசலில் எத்தனை நாள் கிடந்தது, என்ன போயிற்று, என்ன நின்றது: எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதி வைக்க வேண்டும். தமக்குப் பின்னால் வருகிறவருக்குத் தம்மைவிட அதிகம் தெரிந்திருக்கும் என்று நம்புகிறவரால்தான் அப்படி எழுத முடியும். வெற்றியை எழுதுவது எளிது. 'இந்த இடத்தில் என் கை தவறியது' என்று எழுத மனசு வேண்டும்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஈரம், உப்பு, கவசம் என்று எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நம்ம ஊர் அம்பாளுக்கு மூக்கு மழுங்கியிருக்கே, பார்த்திருக்கியோ?" என்று கேட்டாள்.

பார்த்திருக்கிறேன். தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் செய்து, புளியும் விபூதியும் இட்டுத் தேய்த்ததில் அம்பாளின் மூக்கும் உதடும் கரைந்து, முகமே ஒரு சாயலாகத்தான் நிற்கிறது.

"அது பக்தியிலே தேய்ஞ்சது. அவளுக்கு அது சம்மதம்" என்றாள் பெரியம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "பட்டணத்திலே இருக்கிறவளைத் தேய்க்க வேண்டாம்னே சொல்லிடு. அவளுக்கு அபிஷேகம் பண்ண யார் இருக்கா? முகமாவது இருக்கட்டும்" என்றாள்.