ஜெர்மன் ஷெப்பர்டு: இயல்பும் வீட்டுப் பயிற்சியும்

ஜெர்மன் ஷெப்பர்டு, ஆட்டு மந்தைகளைக் காப்பதற்கென ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட நாயினம். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியின் மேல் எழுந்த வெறுப்பால் பிரிட்டன் இதற்கு 'அல்சேஷன்' என்று பெயரிட்டது. தமிழ்நாட்டில் பலர் இன்றும் அப்பெயரையே சொல்கின்றனர். ஆண் நாய் தோள்வரை 60 முதல் 65 செ.மீ. உயரமும் 30 முதல் 40 கிலோ எடையும் கொண்டது. பெண் நாய் அதைவிடச் சற்றுச் சிறியது.

1899இல் கார்ல்ஸ்ரூ நகர நாய்க் கண்காட்சி ஒன்றில் மாக்ஸ் ஃபான் ஷ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி ஒரு மேய்ப்பு நாயைக் கண்டு அங்கேயே விலைக்கு வாங்கினார். ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத் என்று அவர் பெயர் மாற்றிய அந்த நாயே, அதே ஆண்டு தொடங்கப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்டு சங்கத்தின் இனப்பதிவேட்டில் முதல் இடம் பெற்றது. அழகைவிட வேலைத்திறனும் அறிவுமே பெரிது என்பது ஷ்டெஃபானிட்ஸின் கொள்கை.

அந்த வேலை என்னவென்று தெரிந்தால்தான் இந்த நாயின் குணம் புரியும். வேலியில்லாத வயல்களுக்கு நடுவே மந்தை மேயும்போது, உழவுசாலை ஒட்டி நாய் முன்னும் பின்னுமாக ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். ஆடு பயிரில் வாய் வைக்காதபடி எல்லையைக் காக்கும். மேய்ப்பர் தொலைவில் நிற்பார். எந்த ஆட்டைத் தடுப்பது, எப்போது விடுவது என்று நாயே தீர்மானிக்க வேண்டும். அவர் ஒரு குரல் கொடுத்தால் அந்தக் கணமே அடங்கவும் வேண்டும். சொந்த முடிவும் கீழ்ப்படிதலும் ஒருசேர அமைந்த விலங்கு இது.

வீட்டிலும் அது அந்த வேலையைத்தான் செய்கிறது. அறைக்கு அறை பின்தொடர்கிறது. எல்லோரையும் பார்க்க முடிகிற வாசற்படியில் படுக்கிறது. வீட்டார் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போனால் தவிக்கிறது. ஓடும் குழந்தையின் குதிகாலைக் கவ்வ வருவதும் மந்தையை மடக்கும் பழக்கத்தின் மிச்சமே. அதற்காக அடிப்பது தவறு. குழந்தையை ஓடாமல் நிற்கச் சொல்லி, நாயின் வாய்க்கு ஒரு பொம்மையைக் கொடுத்துத் திருப்பிவிட வேண்டும். எவ்வளவு சாதுவான நாயானாலும் சிறு குழந்தையுடன் தனியே விடலாகாது.

அந்நியரிடம் இந்த நாய் குழையாது. ஒதுங்கி நின்று கவனிக்கும். அது குறையன்று. ஆனால் வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பார்த்து உறுமும் நாயை 'நல்ல காவல் நாய்' என்று பெருமையாகச் சொல்வது பெரும் பிழை. பெரும்பாலும் அந்த நாய் பயந்திருக்கிறது. பயந்த நாயே எளிதில் கடிக்கும். நல்ல காவலுக்கு வேண்டியது நிதானம். அது இந்த இனத்துக்குப் புதிதல்ல. போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1916இல் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி திறக்கப்பட்டபோது அங்கே பயிற்சி பெற்றவை ஜெர்மன் ஷெப்பர்டுகள். 1928இல் அமெரிக்கரான மோரிஸ் ஃபிராங்க் சுவிட்சர்லாந்திலிருந்து அழைத்துச் சென்ற வழிகாட்டி நாயான பட்டியும் இதே இனம்.

அந்த நிதானத்தில் பாதி பிறப்பில் வருவது. ஆகவே குட்டியை வாங்குமுன் தாயைப் பார்க்க வேண்டும். மனிதரைக் கண்டு பதுங்கும் தாயின் குட்டிகளைத் தவிர்ப்பது நல்லது. காவல், மோப்பப் பணிகளுக்கென்று வளர்க்கப்படும் வம்சங்களின் குட்டிக்குத் துடிப்பு மிக அதிகம். நாளெல்லாம் வெளியே வேலைபார்க்கும் குடும்பத்துக்கு அது ஒத்துவராது.

மறுபாதி பழக்கத்தில் அமைவது. பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை குட்டி எதைக் கண்டு பழகுகிறதோ, அதை உலகின் இயல்பென்று ஏற்றுக்கொள்ளும். குடை, சக்கர நாற்காலி, பட்டாசு ஓசை, தாடிக்காரர், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் அந்த வாரங்களிலேயே அறிமுகமாக வேண்டும். தடுப்பூசிகள் முடியும்வரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் அந்தக் காலம் வீணாகிவிடும். தெருநாய்கள் திரியாத இடங்களுக்குக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம்.

பயிற்சியைக் குட்டி வீட்டுக்கு வந்த நாளிலேயே தொடங்கலாம். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். கூப்பிட்டதும் வருவது, கவ்வியதை விடுவது, தன் பாயில் அமைதியாகக் கிடப்பது ஆகிய மூன்றும் உட்காருவதையும் கை கொடுப்பதையும்விட முக்கியம். சரியாகச் செய்த கணமே தின்பண்டமோ பாராட்டோ கிடைக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். அப்பா தடுத்ததைப் பாட்டி அனுமதித்தால், கூர்ந்து கவனிக்கும் இந்த நாய் அதைச் சீக்கிரமே கண்டுகொள்ளும். ஆறு மாதத்துக்குப் பிறகு, கற்றதெல்லாம் மறந்ததுபோல நடக்கும் ஒரு பருவம் வரும். அப்போது கைவிடாமல் பழைய பாடங்களையே பொறுமையாகத் திரும்பச் சொல்லித்தர வேண்டும். கடிக்கக் கற்றுத்தரும் காவல் பயிற்சிக்குக் குடும்ப வீட்டில் இடமில்லை.

நடை மட்டும் இதற்குப் போதாது, மூளைக்கும் வேலை வேண்டும். ஒளித்துவைத்த பொருளை மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டு அதைக் களைப்பாக்கி அமைதிப்படுத்தும். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் அதிகம் என்பதால், எலும்பு வளர்ச்சி முடியும்வரை நெடுந்தூர ஓட்டமும் உயரத் தாவலும் கூடாது. சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறினால், பயிற்சியாளரைத் தேடுமுன் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காரணம் வலியாக இருக்கலாம்.

இந்த இனம் தோன்றிய ஜெர்மனியில், எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பதும், முள் கழுத்துப்பட்டை போன்ற வலி தரும் கருவிகளால் பயிற்றுவதும் சட்டப்படி கூடாது. 2023 முதல், பணி நாய்களுக்கான சில விதிவிலக்குகள் தவிர, நாயைக் கட்டிப்போட்டு வளர்ப்பதும் அங்கே தடை செய்யப்பட்டுள்ளது.