அவரவர் வேகம்: தமிழகத் தொடக்க வகுப்பறையும் மாணவர் வேறுபாடும்

ஒரே வயதுக் குழந்தைகள், ஒரே வகுப்பு, ஒரே நாளில் ஒரே பாடம் என்ற ஏற்பாடு தொன்றுதொட்டு வந்ததுபோல் நமக்குத் தோன்றுகிறது. தமிழகத்தில் அதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வயதுதான். அதற்கு முன்னும் குழந்தைகள் வெவ்வேறு வேகத்தில்தான் கற்றார்கள், அதை ஆசிரியர்களும் அறிந்திருந்தார்கள். காலந்தோறும் மாறியது வேறொன்று: ஒரு குழந்தைக்குக் கூடுதலாகத் தேவைப்படும் நேரத்தை யார் கொடுப்பது, யார் கணக்கில் எழுதுவது என்பது. கல்வி உளவியல் நூல்கள் மாணவர் வேறுபாட்டை உடல், அறிவு, மனவெழுச்சி, சூழல் என்று வகைபிரித்து முடித்துவிடுகின்றன. வகுப்பறையின் வரலாற்றை அந்தப் பட்டியல் சொல்வதில்லை.

திண்ணைப் பள்ளியில் ஆண்டு வகுப்பு இல்லை. விஜயதசமியன்று ஏடு தொடங்கிய பிள்ளை மணலில் விரலால் எழுதி, அரிச்சுவடியும் எண்சுவடியும் மனனம் செய்து, பின்பு ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்று போவான். ஒரு சுவடி முடிந்தால்தான் அடுத்தது. உடன் சேர்ந்தவன் எங்கே இருக்கிறான் என்பது அவனுடைய பாடத்தைத் தீர்மானிக்கவில்லை. வாத்தியார் ஒருவரே என்பதால் முன்னேறிய மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்கு முறை சொல்லிக்கொடுத்தான்.

1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளைப் பற்றிய கணக்குக் கேட்டார். பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கை இங்கே முக்கியமானது. பெல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கிய பகுதி. ஆனால் அவர் விவரிக்கும் முறை தமிழ்த் திண்ணைக்கும் பொருந்துகிறது. பள்ளியில் பெரும்பாலும் நான்கு பிரிவுகள். கீழ்ப்பிரிவுகள் ஓரளவு மூத்த மாணவர் பொறுப்பில், மேற்பிரிவுகள் நேரடியாக ஆசிரியர் பார்வையில். ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்குப் போவது அவனவன் திறனையும் முன்னேற்றத்தையும் பொறுத்தது என்று அவர் எழுதுகிறார். மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்துத் தன் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்ளும் முறையைப் பாராட்டும் அதே அறிக்கை, பிள்ளைகள் பொருள் விளங்காமல் செய்யுளை ஒப்பிக்கிறார்கள் என்றும் குறைசொல்கிறது.

இதை வைத்துத் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கும் எழுத்துகள் நிறைய வந்துவிட்டன. பிரம்பு, குட்டு, கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் எல்லாம் அங்கேதான் இருந்தன. மெதுவாகக் கற்பவன் முதலில் பார்த்தது பெரும்பாலும் அவற்றைத்தான். மேலும் மன்றோவின் 1826-ஆம் ஆண்டுக் குறிப்பின்படி 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர். இவர்களில் சிறுமிகள் 4,540 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. உள்ளே வந்தவனின் வேகத்துக்கு இடம்கொடுத்த அமைப்பு, யார் உள்ளே வரலாம் என்பதைப் பிறப்பைக் கொண்டு தீர்மானித்தது.

மூத்தவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறை, மன்றோவின் கணக்கெடுப்புக்கு முன்பே கடல் கடந்துவிட்டது. 1789-இல் எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவர நினைத்தார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃபிரிஸ்கனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார், அது பலித்தது. 1797-இல் லண்டனில் அவர் நூல் வெளியானபின், ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது பரவியது. வகுப்புக்குள் மாணவன் முன்னும் பின்னும் நகர்ந்து தனக்குரிய இடத்தைக் கண்டடைய வேண்டும் என்பதைப் பெல் விட்டுவிடவில்லை. ஆனால் அங்கே அந்த முறையை விரும்பி ஏற்றவர்களைக் கவர்ந்தது சிக்கனம்: ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். திண்ணையில் வேகத்துக்கு வழிவிட்ட அதே உத்தி, ஆலை நகரங்களில் எண்ணிக்கையைச் சமாளிக்கும் கருவியாயிற்று.

உண்மையான முறிவு மானியத்தோடு வந்தது. 1854-ஆம் ஆண்டு உட்டின் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு உதவித்தொகை தரும் கொள்கையை வகுத்தது. இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிகள், ஆய்வாளர் முன் தேறிய மாணவர் கணக்குப்படி பள்ளிக்குப் பணம் என்றன. அந்த வழக்கம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1882-இன் ஹண்டர் குழுவும் தொடக்கக் கல்விக்கு அதைப் பரிந்துரைத்தது. ஆய்வாளர் வருகிற நாளில் குழந்தை எந்த வகுப்பின் பாடத்தில் தேறுகிறது என்பதே கேள்வி. ஆசிரியரின் பிழைப்பு அதில் தொங்கும்போது, எப்படியும் தேறுகிறவன்மீதும் எப்படியும் தேறாதவன்மீதும் செலவழிக்கும் நேரம் அவருக்கு நட்டம். நடுவில் இருப்பவனை உருட்டித் தள்ளினால் போதும். 1904-இன் அரசுத் தீர்மானம் இந்த மானிய முறையைக் கைவிடச் சொன்னது. ஆண்டு வகுப்பும் ஆண்டுத் தேர்வும் தங்கிவிட்டன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைத் துரத்தும் இன்றைய பள்ளிகளில் ‘மெல்லக் கற்போருக்கான’ குறைந்தபட்சக் கையேட்டு நகல்களில் அந்த மானிய முறையின் வாடை இன்னும் வீசுகிறது.

வகுப்பை ஒரே அளவாக்கியபின், அதில் பொருந்தாத குழந்தைக்கு விளக்கம் தேவைப்பட்டது. பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் சைமனும் 1905-இல் வெளியிட்ட சோதனை, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காணத்தான். அறிவு மாறாதது என்ற எண்ணத்தைப் பினே கண்டித்தார். 1916-இல் அமெரிக்காவில் டெர்மன் அதை ஸ்டான்ஃபோர்டு–பினே சோதனையாக்கியபோது, நுண்ணறிவு ஈவு குழந்தையின் பிறவிக்குணம்போல் பேசப்பட்டது. இந்தியாவில் லாகூரில் ரைஸ், பின்னர் மராத்தியிலும் கன்னடத்திலும் காமத் இவற்றைத் தழுவி அமைத்தார்கள். தமிழகத்துத் தொடக்கப் பள்ளிகளைச் சோதனைத்தாள்கள் அவ்வளவாக எட்டவில்லை. ஆசிரியர் பயிற்சியின் வழியாகக் கருத்து எட்டியது. ‘கற்றல் பாணி’ என்ற பெயரில் பார்ப்பவர், கேட்பவர், செய்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் பாடமும் அப்படித்தான். பாணிக்கேற்பக் கற்பித்தால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் பாஷ்லர் குழுவினரின் மதிப்பாய்வு காட்டியது. பாடத்திட்டங்களோ அதை எளிதில் விடுவதாயில்லை.

வேறுபாட்டைப் பேசுவது எப்போதும் குழந்தைக்கு ஆதரவாகவே முடியும் என்று நம்புகிறவர்கள் 1953-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் கிராமப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் வீட்டுத் தொழிலைப் பழகச் சொன்னது. ‘குலக்கல்வி’ என்று கொதித்தெழுந்த எதிர்ப்பில் 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். குழந்தைக்குத் தேவைப்படும் நேரத்தை அதன் பிறப்பு சொல்லும் என்பதைத் தமிழகம் அன்றே மறுத்தது. சமமான கல்வி என்றால் எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே மணி என்ற பிடிவாதம் இங்கே வலுவாக இருப்பதற்கு இதுவும் காரணம். அந்தப் பிடிவாதத்துக்கு நியாயம் உண்டு.

நேரத்தைக் குழந்தையிடமே திருப்பித் தரும் எண்ணத்துக்கு இரண்டு ஊற்றுகள். 1939-இல் அடையாறு வந்த மரியா மாண்டிசோரி போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி, கொடைக்கானலில் பல வயதுக் குழந்தைகளைச் சேர்த்துவைத்துப் பணியாற்றினார்; ஆனால் அவர் வழி பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளுக்குள் நின்றுவிட்டது. மற்றொன்று ஏழைக் கிராமத்துக்காகவே பிறந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில், ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பாடத்தைச் சிறு அட்டைகளாக்கி ஏணிபோல் வரிசைப்படுத்தினார்கள். அதற்கு முன்பே 1963-இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் கரோல், திறன் என்பது ஒன்றைக் கற்கத் தேவைப்படும் நேரம் என்று வரையறுத்திருந்தார். அந்த வரையறை ஏட்டில் படித்தால் சாதாரணம். வகுப்பறையில் அதை நடத்திக்காட்ட ரிஷிவேலி அட்டை வேண்டியிருந்தது.

2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் இந்த அட்டை முறையைப் 13 பள்ளிகளில் தொடங்கி, அடுத்து எல்லா மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கும் கொண்டுசென்றார். 2007-08-இல் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் அது மாநிலம் முழுவதும் வந்தது. நான்கு வகுப்புகளும் கலந்து தரையில் அமர்ந்தன. சுவரில் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, தலைக்கு மேல் படங்கள் தொங்கும் கம்பிப் பந்தல். ஆசிரியர் உதவி தேவைப்படும் குழு, சக மாணவர் உதவி பெறும் குழு, தானே செய்யும் குழு என்று அட்டையின் சின்னமே இடத்தைச் சொல்லும். பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய்த் திரும்பிய குழந்தை, விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். ஆண்டு வகுப்பு இந்தக் குழந்தைக்கு ஒருபோதும் தராத வசதி இது. இழப்புகளும் இருந்தன: ஓர் அட்டை கிழிந்தால் ஏணியில் ஒரு படி குறையும், கதை கேட்டு எல்லாரும் சேர்ந்து சிரிக்கும் வேளை அருகிற்று, பையில் புத்தகம் காணோம் என்று பெற்றோர் கவலைப்பட்டார்கள்.

கொரோனாக் கால இடைவெளிக்குப் பின் 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கியது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். செயல்வழிக் கற்றலின் ஏணியில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இடம் இருந்தது. இங்கே மதிப்பீட்டுக்குப்பின் குழு. ஆசிரியரால் கையாளக்கூடியது இதுவே என்பதை மறுக்க முடியாது. மதிப்பீட்டு விவரம் கைப்பேசிச் செயலியில் ஏறுகிறது, அதற்கும் வகுப்பு நேரம்தான் போகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது குழந்தைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் முதல் மூன்று வகுப்புகளை எடுத்துக்கொண்டால் மற்றவருக்கு நான்கும் ஐந்தும். இருவரில் ஒருவரே தலைமையாசிரியர். அவர் வட்டாரக் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் மூன்று நிலையும் மற்றவர் கையில்.