பொதுச் சுகாதார ஆய்வகங்கள் (பிரிட்டன், 1919–1939)

குழந்தைக்குத் தொண்டை அடைப்பானோ என்று சந்தேகம் வந்தால், அன்றைய பிரிட்டனில் மருத்துவர் குச்சியில் சுற்றிய பஞ்சால் தொண்டையைத் தடவி, கண்ணாடிக் குழாயில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். பெரும்பாலும் தபாலில்தான். அங்கே அதை உறைந்த சீரத்தின்மேல் தேய்த்து, ஓர் இரவு உடல்சூட்டில் வைத்து, மறுநாள் மெத்திலீன் நீலம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதுவரை குழந்தை தாங்காது. குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த நச்சுமுறியைச் சந்தேகத்தின் பேரிலேயே ஊசியில் ஏற்றிவிடுவார்கள். ஆய்வக முடிவு, குழந்தையை எப்போது வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்லவே அதிகம் உதவியது.

நாடு முழுவதற்குமான ஆய்வக அமைப்பு என்று எதுவும் அப்போது இல்லை. சில நகராட்சிகள் சொந்தமாக நடத்தின. மற்றவை பல்கலைக்கழகங்களின் கையை எதிர்பார்த்தன.

தொண்டை அடைப்பானுக்கு முடிவு வருமுன்பே ஊசி போட முடிந்தது; நிமோனியாவில் கதை வேறு. அதன் கிருமியில் பல வகை. ஒன்றுக்கான சிகிச்சைச் சீரம் இன்னொன்றிடம் பலிக்காது. சளியைச் சுண்டெலியின் வயிற்றில் செலுத்தி, பெருகிய கிருமியை வகைபிரித்த பிறகே சீரத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். சுகாதார அமைச்சக ஆய்வகத்தில் ஃபிரெட் கிரிஃபித் ஆண்டுக்கணக்கில் இப்படி வகை பிரித்துக்கொண்டிருந்தார்; பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக்கிலிருந்து அவருக்கு நோயாளிகளின் சளி மாதிரிகள் வந்தன. சூட்டில் கொன்ற ஒரு வகையோடு, வீரியமிழந்த வேறு வகையை உயிரோடு சேர்த்து அவர் ஊசி போட்ட எலிகள் செத்தன. அவற்றின் ரத்தத்திலோ செத்த வகை உயிரோடிருந்தது! 1928இல் வெளியான இந்தப் புதிரை விடுவிக்கப்போய்த்தான் 1944இல் நியூயார்க்கில் ஏவரி என்ற ஆய்வாளரின் குழு, மரபுப்பொருளான டிஎன்ஏவில் வந்து நின்றது.

ஆய்வகம் சிகிச்சைக்குள் நுழைந்த வேகத்தில், கிருமிகளை அடக்கும் சல்ஃபா மருந்து வந்துவிட்டது. 1936இல் லண்டன் குயீன் ஷார்லட் மருத்துவமனையில் மருத்துவர்கள் கோல்புரூக்கும் கென்னியும் பிரசவ ஜன்னி கண்ட 64 பெண்களுக்கு அதைக் கொடுத்தார்கள், இறந்தவர்கள் மூவர். 1938இல் வந்த எம் அண்ட் பி 693 என்ற சல்ஃபா மாத்திரை நிமோனியாவையும் அடக்கியது. எந்த வகை என்று எலியைக் கேட்க வேண்டிய அவசியம் குறைந்தது.

ஆனால் தண்ணீருக்கு மாத்திரை கிடையாது. 1937இல் லண்டனை ஒட்டிய குராய்டனில் ஒரு குடிநீர்க் கிணற்றில் வேலை நடந்தபோது குளோரின் கலப்பது நின்றிருந்தது. இறங்கிய தொழிலாளி ஒருவர் தம்மையறியாமல் டைபாய்டு கிருமியைச் சுமந்தவர். 43 பேர் இறந்தார்கள்.

போர்க்காலக் குண்டுவீச்சில் கொள்ளைநோய் பரவுமோ என்ற அச்சத்தில் 1939இல் அவசர ஆய்வகச் சேவை தொடங்கியது. போருக்குப் பின் அது நிரந்தரமானபோது கிரிஃபித் இல்லை. 1941 விமானத் தாக்குதலில், தம்முடன் பணியாற்றிய ஸ்காட்டோடு அவர் இறந்திருந்தார்.