மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் கழட்டி எறிந்த தேர்மோஸ்ரற்றும்

எஞ்சின் கொதிச்சால் எங்கட கராச்சுகளில் முதலில் கழட்டி எறியப்படுவது தேர்மோஸ்ரற்தான். "எங்கட வெக்கைக்கு இது தேவையில்லைத் தம்பி" என்ற விளக்கமும் கூடவே வரும். இதை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிடுவது சுலபம். ஆனால் இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பாதி இங்கிலாந்தின் குளிரில் நடந்தது, மீதி பொருளாதாரத் தடைக்குள் நடந்தது.

1908இல் வந்த ஃபோர்ட் ரி மொடல் கார்களில், தொடக்கத்தில் வந்த சிலவற்றைத் தவிர, தண்ணீர்ப் பம்பே இல்லை. சூடான தண்ணீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், அவ்வளவுதான். 1948இல் வந்த முதல் மொரிஸ் மைனரும் அப்படித்தான். அதற்குப் பம்ப் பிறகுதான் வந்தது. பம்ப் இருந்தால் ஸ்ராட் பண்ணிய நிமிடத்திலிருந்தே தண்ணீர் சுற்றும். குளிர்நாட்டில் அப்படி விட்டால் எஞ்சின் சூடேறவே மாட்டாது. ஆகவே, சூடேறும்வரை றேடியேற்றருக்குப் போகும் வழியை அடைத்து வைக்க ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவுதான் தேர்மோஸ்ரற்.

பழைய தேர்மோஸ்ரற்றுகள் துருத்தி வகை. உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகி, துருத்தி விரிந்து, கதவு திறக்கும். துருத்தி ஓட்டையானால் பெரும்பாலும் கதவு திறந்தபடியே நிற்கும். பிறகு வந்த மெழுகு வகையில் மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளும். இது பழுதானால் மூடியபடியே இறுகிப்போகவும் கூடும், அப்போது எஞ்சின் கொதிக்கும். தேர்மோஸ்ரற்றுக்குக் கெட்ட பெயர் வந்தது இங்கேதான்.

இனி எங்கட பக்கம். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கிய பின் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. வன்னியில் இந்தத் தடை 2002 வரை நீடித்தது. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் கொஞ்சத்தைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1949இல் இங்கிலாந்தில் வந்த மண்ணெண்ணெய் ஃபேர்குசன் உழவு இயந்திரத்திலும் இதே முறைதான்: முதலில் பெற்றோல், சூடானபின் மற்றது. அங்கே தொழிற்சாலை செய்து கொடுத்ததை எங்கட மெக்கானிக்மார் போத்தலும் ரியூப்பும் வைத்துச் செய்தார்கள்.

ஆனால் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் அது எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து, ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஒயில் தண்ணியாகும், தேய்மானம் கூடும். மறுபக்கம், மண்ணெண்ணெயில் எஞ்சின் 'நொக்' அடிக்கும். அதைக் குறைக்க ரைமிங்கைப் பின்தள்ளினால் சூடு இன்னும் கூடும். அதாவது மண்ணெண்ணெய்க் காருக்குச் சூடு கட்டாயம் வேண்டும், அதே சூடு அதைக் கொல்லவும் செய்யும். தேர்மோஸ்ரற் மிகவும் தேவைப்பட்ட காலம் அதுதான். இறுகிப்போன ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வாங்க வழியில்லாத காலமும் அதுதான். அந்த நிலையில் கழட்டிவிட்டு ஓடியவர்களை நாங்கள் குறை சொல்லமாட்டோம். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய காரில் பத்து வருசத்துக்குப் பிறகு வரப்போகும் தேய்மானத்தை யார் யோசிப்பார்கள்?

இன்னொரு குற்றவாளியும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களிலும் படியும். குழாய் அடைத்தால் தேர்மோஸ்ரற்றைக் கழட்டினாலும் கொதி நிற்காது. தேர்மோஸ்ரற் தீர்மானிப்பது எஞ்சினின் குறைந்தபட்சச் சூட்டைத்தான். முழுதாகத் திறந்தபின் அதற்கு வேலையில்லை, மிச்சம் றேடியேற்றரின் பொறுப்பு.

தடை முடிந்துவிட்டது, பழக்கம் முடியவில்லை. 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நின்றதில் பழைய ஜப்பான் கார்களையே எல்லாரும் இழுத்துப்பிடித்து ஓடினோம். அவற்றில் சூட்டை அளந்து எரிபொருளைத் தீர்மானிப்பது கொம்பியூற்றர். தேர்மோஸ்ரற் இல்லாவிட்டால் எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து அது பெற்றோலைக் கூட்டும். சில எஞ்சின்களில் தண்ணீர் றேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியால் திரும்பி, கொதி இன்னும் கூடும்.

சோதிப்பது கஷ்டமில்லை. எஞ்சின் நன்றாக ஆறியபின் கழட்டி, நூலில் கட்டி, தண்ணீர்ச் சட்டியில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கோ. அதில் 82 என்று பொறித்திருந்தால் கிட்டத்தட்ட 82 பாகை செல்சியஸில் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் உங்கட எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட அதே அளவில் புதிது போடுங்கோ. திறந்தால் அதைத் திருப்பிப் பூட்டிவிட்டு றேடியேற்றரைப் பாருங்கோ.

இல்லாத காலத்தில் கழட்டி எறிந்தது எங்கட ஆக்களின் கெட்டித்தனம். கடையில் கிடைக்கிற காலத்திலும் அதையே செய்வதைக் கெட்டித்தனம் என்று சொல்லமுடியாது.